பாதுகாப்புக் கடிதம் இருந்தால் போருக்குப் போனான் என்று அர்த்தமில்லை

இடைக்கால இங்கிலாந்தில் அரசனிடம் சம்பளம் வாங்கிய படைவீரர்களைப் பற்றி எழுத வருபவர்கள் கூடிவிட்டார்கள். 1369 முதல் 1453 வரையான படைப் பதிவுகளை இணையத்திலேயே தேடலாம் என்பதால் வந்த நன்மை இது. ஆனால் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பழைய கையெழுத்தைப் பிழையாகப் படிப்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

பாதுகாப்புக் கடிதத்தை நம்புவது

அரச வேலையாகக் கடல் கடந்து போகிறவன் மேல் அவன் போயிருக்கும் காலத்தில் வழக்கு நடத்தக் கூடாது என்று அரசன் கொடுத்த கடிதம் இது. பெரும்பாலும் ஒரு வருடம் செல்லும். போகப்போகிறேன் என்று சொல்லி வாங்குவது இது. போய் வந்ததற்குச் சான்று ஆகாது. கடன் கொடுத்தவனிடமிருந்து தப்பிக்க வாங்கியவர்களும் உண்டு.

இப்படி ஒரு கடிதத்தை வைத்து ஒருவனுடைய பிரான்சுப் பயணத்தை நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினேன். கட்டுரை அச்சிலும் வந்துவிட்டது. அப்புறம் வேறொரு அரசாணைச் சுருளில் அதே பெயர்: ஆள் லண்டனிலேயே தங்கிவிட்டதால் கடிதம் ரத்து. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. ரத்து ஆணைகளைத் தேட எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்திருக்கும்.

ஆட்களை நிறுத்திக் கணக்கெடுத்த ஆஜர்ப் பட்டியலைத் தேடுங்கள். நீளமான தோலில் படையைக் கூட்டி வந்த தலைவன் பெயர், கீழே ஆட்களின் பெயர்கள். வந்து நின்றவன் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தர் பேனா முனையால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார். அந்தப் புள்ளிதான் சாட்சி. அதுவும் அன்று வந்து நின்றதற்கு மட்டும்தான். 1415-இல் பிரான்சின் ஆர்ஃப்ளூர் துறைமுக முற்றுகையில் வயிற்றுக்கடுப்பு வந்து ஊர் திரும்பியவர்கள், அதன்பின் நடந்த அஜின்கோர்ட் போரின் களத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள்

இல்லை. தலைவன், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்தட்டும்.

சம்பளத்தை நாட்களால் பெருக்குவது

1415-இல் கவச வீரனுக்கு நாளுக்கு 12 பென்ஸ், வில்லாளிக்கு 6. விகிதம் சரி, ஆனால் அது கைக்கு வந்த பணம் அல்ல. முதல் காலாண்டுச் சம்பளத்தில் பாதி அரசனோடு தலைவன் ஒப்பந்தம் போட்டபோது, மீதி ஆட்களை அணிவகுத்துக் காட்டியபோது. இரண்டாம் காலாண்டுக்கு அரசன் தன் நகைகளைத் தலைவர்களிடம் ஈடாக வைத்தான். பணமும் தலைவன் கைவழியாகத்தான் வீரனுக்கு வரும்.

ஆட்சியாண்டு

பதிவுகளில் ஆண்டை அரசன் பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். 1415-இல் அரசனாக இருந்த ஐந்தாம் ஹென்றியின் மூன்றாம் ஆண்டு 1415 மார்ச் 21-இல் தொடங்குகிறது, ஜனவரியில் அல்ல.