கொங்கு நாட்டில் புதுப் பாட்டுக்காரர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? சின்னக் கச்சேரிகளுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

கிடாரும் உடுக்கையும் ஒரே மேடையில் ஏறுகிற சின்னக் கச்சேரிகள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் யார், எங்கே, எப்போது பாடுகிறார் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்காது. பெரிய மேடைக்கு வந்த பிறகு ஒருவரின் பேர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். முப்பது பேர் முன்னால் பாடும்போதே அந்த ஆளை அடையாளம் காண்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: பாடுகிறவரைத் தேடி அலையாதீர்கள், தாளம் போடுகிறவரைப் பிடியுங்கள். ஏன் என்பது படி 4-ல்.

படி 1: இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோவையில் ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ், பீளமேடு பக்கத்துக் கஃபேக்களில் வார இறுதி மாலைகளில் ஓபன் மைக் வைப்பார்கள், அதாவது பேர் கொடுத்த யாரும் மேடை ஏறலாம். ஒருவருக்கு இரண்டு மூன்று பாட்டுக்குத்தான் நேரம். நடுவில் கவிதையும் வரும், காமெடியும் வரும், பாதிப் பேர் சினிமாப் பாட்டுத்தான் பாடுவார்கள். பொறுமை வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் காபியோ ஜூஸோ சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பில்லில் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

பீளமேடு, பெருந்துறை, சத்தியமங்கலம் பக்கத்துக் கல்லூரிகளின் கலைவிழாக்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இறுதிச் சுற்றைவிட முதல் சுற்றில்தான் சரக்கு இருக்கும். சொந்தப் பாட்டோடு வருகிற குழுக்கள் பல அங்கேயே கழிந்துவிடும், நடுவர்களுக்குத் தெரிந்த பாட்டுக்குத்தான் மார்க் விழும். வெளியாட்களை வாசலிலேயே நிறுத்துகிற கல்லூரிகள் உண்டு. அங்கே படிக்கிற பையனையோ பெண்ணையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கஃபேவோடு நின்றுவிடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். கொங்கு நாட்டில் புதுக் குரல்கள் அதிகம் ஏறுகிற மேடை, வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மியின் அரங்கேற்றம். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த குழு, ஊர் மைதானத்தில் வட்டம் கட்டி ஆடும். ஆசிரியர் மைக் பிடித்துப் பாட, பக்கத்தில் பின்பாட்டுக்கு ஒருவரோ இருவரோ நிற்பார்கள். இந்தக் கலையில் பெண்களையும் ஆட வைத்த காரமடைப் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கும்மிக்குப் போனால் எல்லாரும் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பின்பாட்டுக்காரரைக் கவனியுங்கள். ஆசிரியர் மூச்சு வாங்குகிற இடத்தில் அவர் எப்படி எடுத்துக் கொடுக்கிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

படி 2: காலண்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் ஊருக்கு ஊர் நோம்பி, அதாவது கோயில் திருவிழா. மாரியம்மன் கோயில்களில் கம்பம் நட்ட நாளிலிருந்து ராத்திரிதோறும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் அது பங்குனியில். ஜூலையில் கோவை கொடிசியா வளாகம், ஆகஸ்டில் ஈரோடு என்று புத்தகத் திருவிழாக்கள் வரும். அங்கே முக்கியப் பேச்சாளர் மேடை ஏறுவதற்கு முன்னால் உள்ளூர்க் கலைஞர்களுக்கு நேரம் கொடுப்பதுண்டு, அதனால் சீக்கிரம் போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி நிகழ்ச்சியை நம்பி வெகுதூரம் கிளம்பாதீர்கள். ஒரு மழைக்கு எல்லாம் கலைந்துவிடும்.

நேரக் கணக்கும் முக்கியம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்குத் தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான். தலைவர் பேச்சு நீண்டுவிட்டால் கடைசியில் வைத்திருக்கிற புதுப் பாடகரின் நேரத்தில்தான் கை வைப்பார்கள்.

படி 3: அறிவிப்பைப் பிடிப்பது

டிக்கெட் செயலிகளில் இந்த அளவு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வராது. இன்ஸ்டாகிராமில் பாடகரின் பேரைத் தேடாமல் இடத்தின் பேரைத் தேடுங்கள். கஃபேயின் பக்கத்தைத் தொடர்ந்து, ஸ்டோரிக்கும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், வெள்ளிக்கிழமை போட்டதைத் திங்கட்கிழமை பார்த்துப் பயனில்லை. கிராமத்து நிகழ்ச்சிகளுக்கு பஸ் ஸ்டாப் ஃபிளெக்ஸும் டீக்கடைச் சுவரொட்டியும் போதும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடியில் சின்ன எழுத்தில் குழுவின் பேரும் போன் நம்பரும் இருக்கும்.

அதிகம் பேர் பயன்படுத்தாத வழி ஒன்றும் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை மூலம் மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாக விருது கொடுக்கின்றன. 18 வயதுக்குள் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. பட்டியல் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வரும்போது அந்த இரண்டு பிரிவிலும் நாட்டுப்புறப் பாட்டு, பறை, உடுக்கை என்று போட்டிருக்கிற பேர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மலுமிச்சம்பட்டியில் இருக்கிற அரசு இசைக் கல்லூரியின் விழாக்களையும் விட்டுவிடாதீர்கள்.

படி 4: தாளக்காரரைப் பின்தொடருங்கள்

கோவை வட்டாரத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு நிதானமாக, குரலை மூழ்கடிக்காமல் பறையோ உடுக்கையோ கஹோனோ (மேலே உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டி) வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் ஒரே ஆள் நாலைந்து பாடகர்களுக்கு வாசிப்பார். போஸ்டரில் பாடகரின் படம்தான் இருக்கும், தாளக்காரரின் பேர்கூட இருக்காது. நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் போய், "அண்ணா, அடுத்து யாருக்குங்க வாசிக்கறீங்க?" என்று கேளுங்கள். இணையத்தில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத இரண்டு பேர்கள் அந்தப் பதிலில் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல தாளக்காரர் சோம்பலான பாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார மாட்டார், அதுவும் கிடைக்கிற காசு பெட்ரோலுக்கே சரியாகப் போகிற இடத்தில். அவர் இரண்டாம் முறையும் ஒருவருக்கு வாசிக்கிறார் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. புல்லாங்குழல், வயலின் வாசிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அவர்கள் கல்யாண வரவேற்புக் கச்சேரிகளுக்கும் போகிறவர்கள், எல்லாப் பேரையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

படி 5: எங்கே உட்கார்வது, எதைக் கேட்பது

தோல் கருவி இருந்தால் முதல் வரிசை வேண்டாம். துடும்பு, ஜமாப் மாதிரி பெருஞ்சத்த மேளம் அடிக்கிற இடமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கிற ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கஃபேயில் மிக்சரை (மைக், கருவிகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) இயக்குகிற ஆளுக்குப் பக்கத்து நாற்காலிதான் நல்ல இடம். அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படிதானே சத்தத்தை வைக்கிறார்.

சத்தக் கோளாறுக்குப் பாடகரைப் பழிக்காதீர்கள். அடிக்கடி நடப்பவை இவை:

"கொய்ய்ங்" என்று ஊளையிட்டால், ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். சின்ன இடத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துவிட்டால் இதைத் தவிர்க்க முடியாது. கிடார் தகரம் தட்டியது மாதிரி கேட்டால், உள்ளே இருக்கிற பிக்கப்பிலிருந்து (கிடாரின் அதிர்வைப் பிடிக்கிற சின்னக் கருவி) நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள். மைக் வைத்தால் மரத்தின் ஓசை வரும், ஆனால் ஊளைக்கும் வழி திறக்கும். பறை மந்தமாகக் கேட்டால் ஈரக்காற்றில் தோல் தொய்ந்திருக்கிறது. நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் விறைக்கும், கஃபேக்குள் அதற்கு வழியில்லை, வெளியே போய்க் காய்ச்சி வருவார்கள். அந்தப் பத்து நிமிடத் தாமதத்தில் எழுந்து போய்விடாதீர்கள்.

முதல் பாட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அது பெரும்பாலும் கூட்டத்தைப் பிடிக்க வைக்கிற தெரிந்த பாட்டாக இருக்கும். சொந்தப் பாட்டு நடுவில்தான் வரும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சொல் மெட்டுக்குள் உட்கார்கிறதா, இல்லை மெட்டுக்காகச் சொல்லை இழுக்கிறார்களா? பேசும்போது "ஏனுங்க, வாங்க" என்றவர் பாட ஆரம்பித்ததும் சினிமாத் தமிழுக்குத் தாவுகிறாரா? தாளக்காரர் நிறுத்தினால் பாட்டு தனியாக நிற்குமா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். நாட்டுப்புறம் என்ற பேரில் பறையை மட்டும் ஏற்றிவிட்டு, அடியில் ஒன்றும் இல்லாத பாட்டுகள் இப்போது ஏராளம்.

படி 6: பேசுவது

பாடி முடித்த கையோடு போகாதீர்கள். ஒயர் சுருட்டி, டீ குடிக்கிற வரை பொறுங்கள். கேட்க வேண்டியது: "இது நீங்க கட்டின பாட்டுங்களா, ஊர்ப்பாட்டுங்களா?" ஊர்ப்பாட்டு என்றால் யாரிடம் கேட்டுப் படித்தார் என்றும் கேளுங்கள். பல நேரம் பதில் பாட்டியோ, பக்கத்து ஊர் உடுக்கைக்காரரோ. அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான். வயதான கலைஞரை "ஐயா" என்றோ "வாத்தியாரே" என்றோ கூப்பிடுங்கள், வயதில் சின்னவர் என்றாலும் "ங்க" போட்டே பேசுங்கள். பெண் கலைஞர்களிடம் போன் நம்பர் கேட்காமல் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பேரை மட்டும் கேட்பது மரியாதை.

படி 7: பதிவும் குறிப்பும்

வெளியிடாத பாட்டைப் பாட்டுக் கண்டுபிடிக்கிற செயலிகளுக்குத் தெரியாது. அதனால் பாட்டின் முதல் வரியைக் கையால் எழுதுங்கள். கூடவே தேதி, இடம், பாடியவர், தாளம் போட்டவர். பாடுகிறவரிடம் அனுமதி கேட்டுவிட்டு அரை நிமிடம் ஒலிப்பதிவு எடுத்தால் போதும். பறைக்குப் பக்கத்தில் போனை நீட்டினால் மைக் தாங்காமல் கரகரவென்று பதியும், பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

அண்ணன்மார் சாமி கதை (பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதை) பாடுகிற இடத்தில் தனிக் கவனம் வேண்டும். அது கச்சேரி இல்லை, வழிபாடு. படுகளத்தில், அதாவது அவர்கள் போரில் மாண்டதை நடத்திக் காட்டுகிற சடங்கில், ஆட்கள் அருள் வந்து விழுகிற நேரத்தில் போனை எடுக்கக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள்.

படி 8: காசு

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே இல்லை. 2024-லிருந்து அதுதான் விதி. புதிதாகப் பாடுகிறவர்களின் பாட்டுகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். நேரில் கொடுக்கிற நூறு ரூபாய் இதைவிட நிச்சயமானது. மேடையோரம் க்யூஆர் அட்டை இருந்தால் அதில் போடுங்கள், கிராமத்தில் சிக்னல் நம்ப முடியாது, ஐம்பதும் நூறுமாகச் சில நோட்டுகள் வைத்திருங்கள்.

பாட்டு பிடித்துப்போய் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவதாக இருந்தால் மூன்றைத் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்: பாடகருக்கு எவ்வளவு, தாளக்காரருக்கு எவ்வளவு, வண்டிச் செலவு யாருடையது. மொத்தமாக ஒரு தொகையைப் பேசினால் தாளக்காரரின் பங்குதான் முதலில் கரையும். சவுண்டு செட் உங்கள் பொறுப்பு என்றால் மைக் எத்தனை, கிடாருக்கு ஒயர் உண்டா என்று ஒரு வாரம் முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.