புது கார்ட்ரிட்ஜை நீங்களே மாட்டிக் கேட்பது எப்படி?

கார்ட்ரிட்ஜ் என்பது, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பாகம். புதிதாக ஒன்று வாங்கியிருந்தால், டப்பாவைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இப்போது மாட்டியிருக்கும் பழைய கார்ட்ரிட்ஜிலேயே, உங்களுக்கு மனப்பாடமான ஒரு இசைத்தட்டை ஒரு பக்கம் முழுக்கக் கேளுங்கள். முக்கியமாக அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டை. பாடுபவர் ‘ஸ’, ‘ஷ’ என்று உச்சரிக்கும் இடங்கள் சுத்தமாக இருக்கின்றனவா, சீறுகின்றனவா என்று கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. புதிதை மாட்டியதும் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றியது. எதைவிட நன்றாக என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

கடைசிப் பாட்டு ஏன் என்றால், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுற்றினாலும், வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 செ.மீ.தான். அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். மாட்டியதில் சின்னப் பிழை இருந்தாலும் அங்கேதான் முதலில் காதைக் குத்தும்.

உங்கள் கருவிக்குப் பொருந்துமா?

கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் இரண்டு வகை. முள்ளோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னெட் வகை சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். முள்ளோடு கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகையில் பல, அரை மில்லிவோல்ட்டைக்கூடத் தொடாது. அதற்கு ஏற்ற ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைக் கூட்டித் தரும் கருவி) வேண்டும். முதல் தடவை மாற்றுபவர் மூவிங் மேக்னெட் வாங்குவதே புத்திசாலித்தனம். முள் தேய்ந்தால் முள்ளை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மேலே இரண்டு திருகுத் துளைகள் 12.7 மி.மீ. இடைவெளியில் இருக்கிற வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வதெல்லாம் அந்த வகைக்குத்தான்.

ஃபோனோ ப்ரீஆம்ப் சத்தத்தைக் கூட்ட மட்டும் இல்லை. தட்டில் செதுக்கும்போது பாஸைக் (கனத்த ஒலி) குறைத்து ட்ரெபிளைக் (கூர்மையான ஒலி) கூட்டித்தான் செதுக்குகிறார்கள். அதைத் திரும்பச் சரிசெய்வதும் ஃபோனோவின் வேலை. டர்ன்டேபிளுக்குள்ளேயே ஃபோனோ இருந்து, ஆம்ப்ளிஃபையரிலும் ஃபோனோ சாக்கெட்டில் செருகினால் இரண்டு தடவை திருத்தம் நடந்து எல்லாம் குழறும். ஏதாவது ஒன்றுதான்.

முதலில்: பழையதைக் கழற்றுதல்

கையில் வேண்டியவை: சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாமணம், கோணம் பார்க்கும் அலைன்மென்ட் தாள், முள் தட்டை அழுத்தும் எடையைப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, ரசமட்டம், டார்ச். தராசு வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் வேண்டும் என்கிற கட்சி.

மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரும் அணைந்திருக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்து டர்ன்டேபிள் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஷெல், அதாவது டோன் ஆர்ம் என்ற நீளமான கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதி, கழன்று வருவதாக இருந்தால் கழற்றி மேசைக்குக் கொண்டு வந்துவிடலாம். பழைய முள்ளுக்கு மூடி போட்டுவிட்டு, பின்பக்கம் இருக்கும் நான்கு ஒயர்களைச் சாமணத்தால் உருவுங்கள். கிளிப்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும்.

ஒயர்களும் திருகுகளும்

நிறக் கணக்கு இது: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். புது கார்ட்ரிட்ஜின் பின்களிலும் பெரும்பாலும் அதே நிறங்கள் இருக்கும். அவசரத்தில் நான் ஒரு தடவை வெள்ளையையும் நீலத்தையும் மாற்றிச் செருகிவிட்டேன். பாட்டு வந்தது. ஆனால் பாஸ் காணாமல் போய், பாடுபவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கேட்டது. கார்ட்ரிட்ஜே மட்டம் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் மாட்டி முடித்ததும் முதலில் ஒரு மோனோ தட்டை, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் தட்டை, போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும்.

ஒயர்களைச் செருகும்போதும் திருகும்போதும் முள்ளுக்கு மூடி இருக்கட்டும். திருகுகளை இப்போதைக்கு லேசாக மட்டும் முடுக்குங்கள், கார்ட்ரிட்ஜ் நகர இடம் வேண்டும். உள்ளே காந்தம் இருக்கிறது, இரும்பு ஸ்க்ரூ டிரைவரைப் பட்டென்று தன்பக்கம் இழுக்கும். மூடி இல்லாமல் திருகினால் முள்ளின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

எடை

மூடியை எடுத்துவிடுங்கள், அதன் எடையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆன்ட்டி ஸ்கேட்டை (ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) பூஜ்யத்தில் வையுங்கள். டோன் ஆர்மின் பின்னால் இருக்கும் எடைக்குண்டை மெல்லத் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் தராசு முள் போல அந்தரத்தில் நிற்கச் செய்யுங்கள். இப்போது குண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் வளையத்தை மட்டும் 0க்குத் திருப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ் குறிப்பில் போட்டிருக்கும் எடைக்குக் கொண்டு வாருங்கள். மூவிங் மேக்னெட்டுகளில் இது பெரும்பாலும் 2 கிராமை ஒட்டி இருக்கும். தராசில் வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தப்பு. போதிய பாரம் இல்லாத முள் பள்ளத்தில் பதியாமல் இங்குமங்கும் துள்ளும், சுவர்களைக் கொத்தும். குறிப்பில் 1.8 முதல் 2.2 கிராம் என்று இருந்தால் 2க்குக் கீழே நான் போவதில்லை.

கோணம்

பொறுமை கேட்கும் இடம் இதுதான். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அலைன்மென்ட் தாளை நீங்களே அச்சடித்தால் அளவு சுருங்காமல் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். தாளில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில். முள்ளை முதல் புள்ளியில் இறக்குங்கள். கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் தாளின் கோடுகளுக்கு இணையாக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்து நேர் மேலேயிருந்து பாருங்கள். பிறகு இரண்டாவது புள்ளி. ஒன்றில் சரியாகி மற்றதில் கோணினால் கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள். நகர்த்தும்போதெல்லாம் ஆர்மைத் தூக்கி மூடியைப் போட்டுவிடுங்கள்.

இரண்டிலும் பொருந்தியதும் திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் செய்த வேலையெல்லாம் வீண். நகர்த்தியதில் எடை மாறியிருக்கும், மறுபடி பாருங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். ஒரு தட்டின் மேல் முள் இருக்கும்போது ஆர்ம் பக்கவாட்டில் பார்த்தால் தட்டுக்கு இணையாகவும், முன்னாலிருந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாயாமலும் இருந்தால் போதும். ஆன்ட்டி ஸ்கேட்டை முள் எடையின் எண்ணிலேயே வையுங்கள். உராய்வு ஆர்மை மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டத்தான் இது. வலது ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

சரி, கேட்கலாம்

தூசியைத் துடைத்துவிட்டு, முதலில் கேட்ட அதே தட்டைப் போடுங்கள். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் சத்த அளவும் வேறு. சத்தம் கூடியதெல்லாம் காதுக்கு நன்றாகவே தோன்றும், அதனால் பழைய அளவுக்கு வால்யூமைக் கொண்டு வந்துவிட்டு ஒப்பிடுங்கள். கடைசிப் பாட்டில் ‘ஸ’ சீறினால் கார்ட்ரிட்ஜைக் குறை சொல்வதற்கு முன் கோணத்தையும் எடையையும் இன்னொரு தடவை பாருங்கள்.

முதல் நாள் ஒலி கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். முள்ளைத் தாங்கும் ரப்பர் இளக இருபது முப்பது மணி நேரம் ஆகும் என்பார்கள். இளகுவது ரப்பரா, நம் காதா என்ற சண்டை ஓயாது. இரண்டும்தான் என்பது என் கட்சி.

பரணில் கிடைத்த பழைய 78 சுற்றுத் தட்டை ஆசைக்குக்கூட இதில் போட்டுவிடாதீர்கள். அதன் பள்ளம் அகலம், அதற்கு முள்ளும் வேறு.

முள்ளைத் துடைக்கும்போது பிரஷ் பின்னாலிருந்து முன்னால் மட்டும் வர வேண்டும். சாதாரண எலிப்டிக்கல் (நுனி நீள்வட்ட வடிவில் உள்ள) முள் 300 முதல் 500 மணி நேரம் உழைக்கும் என்பது வழக்கக் கணக்கு. ஒரு தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்றால் 300 மணி நேரத்தில் 450 தட்டுகள். மாட்டிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டிவிடுங்கள்.