சிறைக் காவலர் வேலைக்குப் போகிறீர்களா? விண்ணப்பம் முதல் லாக்-அப் வரை

தமிழ்நாட்டில் சிறைக் காவலர் ஆக வேண்டும் என்றே படிப்பவர்கள் குறைவு. போலீஸ் வேலைக்கு எழுதுவார்கள், ஆர்டர் சிறைத்துறையில் வரும், "எதுவா இருந்தா என்ன, காக்கிதானே" என்று போய்ச் சேருவார்கள். சேர்ந்த பிறகுதான் இது போலீஸ் வேலை இல்லை என்று தெரியும். இங்கே வழக்கு விசாரணை கிடையாது, ரோந்து கிடையாது. கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவதுகூட ஆயுதப்படை போலீஸின் வேலை. உங்கள் வேலை மதிலுக்குள்: எண்ணுவது, பூட்டுவது, சோதனை போடுவது, கவனிப்பது, பேசுவது. இது பிடிக்குமா என்று முதலில் யோசித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

இரண்டாம் நிலை சிறைக் காவலர் பணிக்குத் தனித் தேர்வு இல்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தேர்வு நடத்துகிறது. அதில் சிறைத்துறையின் பங்கு மிகச் சிறியது. 2022 அறிவிப்பில் 3,552 இடங்களில் சிறைக் காவலர் 161. 2023இல் 3,359இல் 86. 2025இல் 180. பெண்களுக்கு இன்னும் குறைவு: 2022இல் 8, 2023இல் 3. ஆகவே "போலீஸ் கிடைக்காவிட்டால் ஜெயில் கிடைத்துவிடும்" என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு. துறை விருப்பத்தைக் கேட்கும் கட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் போட்டதைப் பார்த்துப் போடாதீர்கள். பின்னால் மாற்றிக்கொள்ள வழியில்லை என்று நினைத்தே முடிவெடுங்கள்.

கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு தேர்ச்சி. வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், திருநங்கை, திருநம்பியருக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37, முன்னாள் ராணுவத்தினருக்கு 47. சம்பள விகிதம் 18,200 – 67,100 ரூபாய். படிகள் தனி.

எழுத்துத் தேர்வு

ஒரே நாளில் இரண்டு பகுதி. முதல் பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண், 80 நிமிடம். இதில் 40 விழுக்காடு, அதாவது 32 எடுத்தால் போதும். இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் 31 எடுத்தவரின் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்துப் பொது அறிவில் வலுவாக இருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பகுதியை இரண்டு முறை முழுதாகப் படித்தவருக்கு 32 ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் பகுதிதான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. 70 கேள்விகளுக்கு 80 நிமிடம்: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றதும் ஃப்ராய்டைத் தேடிப் போக வேண்டாம். எண் தொடர், திசை, இரத்த உறவு, குறியீடு, தரவு அட்டவணை போன்ற கணக்குகள்தாம். பொது அறிவுக்கு எல்லை கிடையாது. எவ்வளவு படித்தாலும் தெரியாத கேள்வி ஐந்தாறு வரும். உளவியலோ பயிற்சியால் 25க்கு 22, 23 வரை ஏற்றக்கூடியது. தினமும் ஒரு மணி நேரம், கடிகாரத்தை வைத்து, 25 கேள்வியை 30 நிமிடத்தில் முடித்துப் பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, எனவே எதையும் காலியாக விட வேண்டாம்.

மைதானம்

எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் போட்டி 24, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. மொத்தம் 100. காலியிடத்துக்கு ஐந்து பேர் வீதம் மைதானத்துக்கு அழைப்பார்கள்.

முதலில் அளவு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167), மார்பு 81, மூச்சை இழுத்தால் 86. பெண்களுக்கு உயரம் 159 (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 157). மார்பு அளவில் வெளியேறுபவர்களில் பலருக்கு மார்பு சிறியதல்ல. பதற்றத்தில் முதல் அளவின்போதே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் விரிய இடம் ஏது? அளவு நாடா சுற்றும்போது மூச்சைச் சாதாரணமாக விடுங்கள், "இழு" என்றதும் தோளைத் தூக்காமல் விலாவை விரியுங்கள். வீட்டில் நாடா வைத்து ஒரு மாதம் பழகினாலே போதும்.

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓட வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை, தாண்டினால் உள்ளே, தவறினால் வெளியே. 400 மீட்டர் தடத்தில் 1,500 என்பது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 80 நொடியில் முடிப்பவர் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பயிற்சியில் ஆறரை நிமிடத்துக்கு வந்துவிட்டால் தேர்வு நாளின் வெயிலுக்கும் பதற்றத்துக்கும் ஈடு கொடுக்கலாம்.

பிறகு மூன்று போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண் வரை. எட்டும் அளவைப் பொறுத்து ஒரு நட்சத்திரம் அல்லது இரண்டு, அதற்கேற்ப மதிப்பெண். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் (5 மீட்டர் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் இரண்டு), நீளம் தாண்டுதல் (3.80, 4.50) அல்லது உயரம் தாண்டுதல் (1.20, 1.40), 100 மீட்டர் ஓட்டம் (15 நொடி, 13.5 நொடி) அல்லது 400 மீட்டர் (80, 70). பெண்களுக்குக் கயிறு இல்லை. நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம்.

கயிறுதான் ஆண்களைக் கவிழ்ப்பது. கை பலத்தில் மட்டும் ஏறுபவர் நாலு மீட்டரில் தொங்குவார். கயிறு ஒரு பாதத்துக்கு அடியில் போய் மற்றப் பாதத்தின் மேல் வரவேண்டும். இரண்டு பாதமும் இடுக்கிப் பிடித்தபின் முழங்காலை நிமிர்த்தினால் உடம்பு தானாக மேலே போகும். கை பிடித்துக்கொள்ள மட்டுமே. இறங்கும்போது சறுக்காமல் கை மாற்றி இறங்குங்கள். ஒருமுறை சறுக்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்து பத்து நாள் பயிற்சி போகும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அது நடந்தால் தேர்வே போய்விடும்.

காகிதங்கள்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். மூன்று பள்ளியில் படித்திருந்தால் மூன்று பள்ளியிலும் வாங்க வேண்டும். மூடிய பள்ளி, மாறிய தலைமையாசிரியர், கோடை விடுமுறை என்று இழுக்கும் வேலை. அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். மணமான பெண்கள் சாதிச் சான்றிதழைத் தந்தை பெயரில் வாங்கியிருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் செல்லாது.

போலீஸ் சரிபார்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா அடிதடி, சாலை மறியல், குடும்பச் சண்டையில் எல்லார் பெயரையும் சேர்த்துக் கொடுத்த புகார் என எதிலாவது உங்கள் பெயர் இருக்கலாம். சந்தேகத்தின் பலனாலோ புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியம் சொன்னதாலோ விடுதலை ஆனவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே விதி பார்க்கிறது. அதற்காக மறைத்தால் வழக்கோடு மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். இருப்பதை எழுதுங்கள், தீர்ப்பு நகலை இணையுங்கள். சொல்லிவிட்டு நிராகரிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக ஒரு பிடி இருக்கும். மறைத்தவருக்கு அதுவும் இருக்காது.

உள்ளே

பயிற்சி முடித்ததும் புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று ஒரு மத்திய சிறையிலோ ஏதாவது ஒரு கிளைச் சிறையிலோ போடுவார்கள். புழலில் மட்டுமே ஆண்களுக்கு இரண்டு மத்திய சிறைகள், விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று. முதல் இடம் மத்திய சிறையாக இருந்தால் நல்லது. எல்லா வேலையும் கண்ணில் படும், கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்தவர்கள் இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எண்ணிக்கை. மாலை லாக்-அப்புக்கு, அதாவது அறைகளில் அடைத்துப் பூட்டுவதற்கு முன் கைதிகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து எண்ணுவார்கள். நிற்கும் கூட்டத்தை எண்ணினால் கண் ஏமாறும், உட்கார்ந்த ஜோடியில் தவறு நேர்ந்தால் உடனே தெரியும். எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே வரவேண்டிய எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். காலையில் 212, புது வரவு 5, விடுதலை 3, வெளி மருத்துவமனை 1, கோர்ட்டிலிருந்து இன்னும் திரும்பாதவர் 4 என்றால் மாலையில் 209 இருக்க வேண்டும். 208 வந்தால் மறுபடி எண்ணுங்கள், அப்புறம் சமையல்கூடம், சிறை மருத்துவமனை, வீட்டார் வந்து பார்க்கும் நேர்காணல் அறை என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒருவர் இருப்பார். "ஒண்ணுதானே, எங்கயாவது இருப்பான்" என்று 209 எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிரவு என்ன நடந்தாலும் அந்தக் கையெழுத்து உங்கள் கழுத்தில்.

பூட்டை இழுத்துப் பார்க்காமல் அடுத்த அறைக்கு நகராதீர்கள். கம்பிகளைத் தடியால் தட்டிக்கொண்டே போவது சம்பிரதாயம் அல்ல. முழுக்கம்பி கணீரென்று ஒலிக்கும், அறுத்து எதையாவது வைத்து அடைத்த கம்பி மொத்தென்று ஒலிக்கும். தினமும் தட்டுகிறவருக்கு மட்டும்தான் அந்த வித்தியாசம் காதில் விழும். வாசலில் இருக்கும் இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. வருவது கண்காணிப்பாளரே ஆனாலும் ஒன்று மூடிய பிறகுதான் மற்றது.

ஆனால் புதுக் காவலரின் வேலையைப் பறிப்பது பூட்டும் கம்பியும் அல்ல, பேச்சு. அது இப்படித் தொடங்கும்: "சார், எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணி, நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க சார்." பாவமாக இருக்கும். செய்தால், அந்த வீட்டில் உங்கள் செல் எண் இருக்கும். பத்து நாளில் அந்த எண்ணுக்கு நன்றி சொல்லி அழைப்பு வரும், பிறகு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாரோ பை நிறையப் பழம் கொண்டு வருவார். அடுத்த வேண்டுகோள் ஒரு கட்டு பீடி. அதையும் செய்துவிட்டால் மூன்றாவது வேண்டுகோளாக வராது, உத்தரவாக வரும். ஏனென்றால் முதல் இரண்டும் அவர்களிடம் ஆதாரமாக இருக்கும். 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டம் 9ஆம் பிரிவிலேயே கைதியோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்கிறது, தடை செய்த பொருளை உள்ளே கொண்டுவந்தால் 42ஆம் பிரிவு. முதல் வேண்டுகோளுக்குச் சரியான பதில் "முடியாது" என்பதுகூட அல்ல. "மனு எழுதிக் கொடுங்க, ஐயாகிட்ட நான் சேர்க்கிறேன்" என்பதுதான். சிறையில் தொலைபேசி வசதி முறைப்படி இருக்கிறது. அதற்கு வழிகாட்டுங்கள், பிறகு அந்த மனு என்ன ஆனது என்று மறக்காமல் திரும்பி வந்து சொல்லுங்கள். சொன்னபடி திரும்பி வரும் காவலரிடம் பிளாக்கில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

"டா" போட்டுப் பேசுவதைப் பழக்கமாக்காதீர்கள். இருநூறு பேருக்கு நடுவே ஒரு தடியோடு தனியாக நிற்பவர் நீங்கள். பேர் சொல்லி, "வாங்க, போங்க" என்று பேசினால் மரியாதை குறையாது, தகவல்தான் கூடும். எந்த அறையில் செல்போன் ஒளிகிறது, யாருக்கு யாரோடு பகை என்பதெல்லாம் உங்களைத் தேடி வரும். அடிப்பது பற்றிச் சுருக்கமாக: மேலதிகாரி சொன்னார் என்பது காப்பாற்றாது. வேலூரில் ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, பிறகு அடித்ததாக எழுந்த புகாரில் 2024இல் சிபிசிஐடி வழக்குப் பதிந்தபோது, உயரதிகாரிகளோடு கீழ்நிலைக் காவலர்களின் பெயரும் அதில் இருந்தது.

புதிதாக வந்தவரின் முதல் சில இரவுகளைத் தனியாகக் கவனியுங்கள். ஜாமீன் மறுக்கப்பட்ட நாள், வீட்டார் நேரில் பார்க்க வருவது திடீரென்று நின்ற வாரம், தீர்ப்பு நாள் ஆகியவையும் அப்படியே. சாப்பாட்டைத் திருப்பி அனுப்புபவர், தன் பொருள்களை மற்றவருக்குக் கொடுப்பவர், கலகலப்பாக இருந்து திடீரென்று அமைதியானவர் ஆகியோரைப் பார்த்தால் தனியாக விடாமல் உடனே மேலே சொல்லுங்கள், சிறை மருத்துவரிடம் காட்டுங்கள், நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

பதவி உயர்வு மெதுவாகத்தான் நகரும்: முதல் நிலைக் காவலர், முதல் தலைமைக் காவலர், அதற்கு மேல் உதவி சிறை அலுவலர். பட்டம் படித்தவர்கள் அதற்குக் காத்திருக்காமல், டிஎன்பிஎஸ்சி நடத்தும் சிறை அலுவலர் தேர்வுக்கு வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். இரவுப் பாரா முடிந்த காலையில் படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு மதியம் உட்காருங்கள். குடியிருப்பு சிறை வளாகத்திலேயே கிடைத்தால் போக்குவரத்து நேரம் மிச்சம். ஆனால் அலாரம் அடித்தால் விடுப்பில் இருந்தாலும் ஓட வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.