ஒரிஜினல் மேலேயே சேவ் செய்யாதீர்கள்: படங்களைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மத்தியானம், என்னிடம் வேலை பழக வந்திருக்கும் தம்பி, புடவைப் படங்கள் இருந்த ஃபோல்டரை அப்படியே ஒரு இலவசச் சுருக்க மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டான். எங்கே சேமிக்க வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் ‘அதே ஃபோல்டர்’ என்பதை டிக் செய்துவிட்டு, ஸ்டார்ட் பட்டனுக்கு மௌஸைக் கொண்டுபோனான். எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துவிட்டேன். “என்னண்ணா, சைஸ் குறைக்கத்தானே சொன்னீங்க?” என்றான். அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் இதையேதான் செய்தார்கள். அவர்களுக்கும் முன்னால் நான் செய்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் என் கடை. மொத்த வியாபாரிகளுக்குப் புடவை, சுடிதார் எல்லாம் படம் எடுத்துக் கொடுப்பது முக்கிய வேலை. அப்புறம், தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படமும் கையெழுத்தும் ஏற்றித் தரச் சொல்லி தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து பிள்ளைகள் வருவார்கள். இரண்டிலுமே படத்தைச் சுருக்காமல் ஒரு நாளும் போகாது. மங்கலான படத்தைச் சுருக்கினால் மங்கலாகத்தான் வரும் என்பதை எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

நீள அகலத்தை விட்டுவிட்டு குவாலிட்டியை நசுக்குவது

வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். போனில் எடுத்த படமோ 4000க்கு 3000 பிக்சல், நாலைந்து எம்பி இருக்கும். பிள்ளைகள் அந்தப் படத்தை அப்படியே திறந்து, சேவ் செய்யும்போது கேட்கும் குவாலிட்டி எண்ணை 5, 6 வரைக்கும் இழுத்து, எப்படியோ சைஸைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். முகம் செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். விண்ணப்பம் கேட்பது 200க்கு 230 பிக்சல், அதாவது மொத்தமே 46,000 புள்ளிகள். 1.2 கோடி புள்ளிகளை அதே சின்னப் பைக்குள் திணித்தால் கிழியாமல் என்ன செய்யும்? முதலில் க்ராப், அடுத்து நீள அகலம், கடைசியில்தான் குவாலிட்டி. இந்த வரிசையில் போனால் குவாலிட்டி 90 வைத்தாலும் 50 கேபியைத் தாண்டாது. சில நேரம் 20 கேபிக்குக் கீழே போய்விட்டதே என்று குவாலிட்டியை ஏற்றத்தான் வேண்டியிருக்கும்.

ஒரிஜினல் மேலேயே சேவ் செய்வது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

2016ஆம் வருஷம், தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, எம்.சி. ரோட்டில் ஒரு மொத்தக் கடைக்காக 1,140 புடவைகளைப் படம் எடுத்தோம். சனிக்கிழமை ராத்திரி கடை மூடினதும் மூட்டை வரும், திங்கட்கிழமை காலையில் திரும்பிப் போக வேண்டும், இப்படி மூன்று வாரம். ஒவ்வொரு படமும் ஏழெட்டு எம்பி, மொத்தம் 8 ஜிபிக்கு மேல். கடைக்கார அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஊர் ஊருக்கு அனுப்பத்தான் படம் கேட்டார். “சின்ன சைஸ்ல குடு தம்பி, போன்ல சீக்கிரம் போகணும்” என்றார். நானும் ஒரு இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டு, நீளம் 1200 பிக்சல், குவாலிட்டி 60 என்று வைத்து ஓடவிட்டேன். ஒரு படம் சுமார் 130 கேபி ஆகி, 8 ஜிபி இருந்த இடத்தில் 150 எம்பி வந்து நின்றது. சந்தோஷமாக பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மெமரி கார்டை ஏற்கெனவே ஃபார்மேட் செய்து, திருவொற்றியூரில் ஒரு காதுகுத்துக்குக் கொண்டுபோயாகிவிட்டது. ‘பழைய ஃபைல் மேல் எழுதவும்’ என்ற டிக், முதல்முறை அந்த மென்பொருளைத் திறந்தபோது நானே வைத்தது. அது அப்படியே நின்றிருந்தது, நான் கவனிக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார். சிவகாசியில் கேட்டலாக் புத்தகம் அடிக்கப் போகிறோம், பக்கத்துக்கு ஒரு புடவை, ஏ4 சைஸ், பெரிய படங்களை அனுப்பு என்றார். ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து நிரப்ப 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். என்னிடம் இருந்தது நீளவாக்கில் 1200. அச்சில் அது 100 டிபிஐ கூட முக்கித்தான் வரும். ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு உடலில் பொடிக் கட்டம் போட்ட ஜரிகை பார்டர், நேரில் ஒவ்வொரு கட்டமும் எண்ணலாம். படத்தில் அந்த இடம் மஞ்சள் சேறு பூசின மாதிரி இருந்தது. முந்தியில் இருந்த மயில் உருவத்தின் கழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி அழுக்குப் புள்ளிகள்.

மறுபடி எடுக்கலாம் என்றால் புடவை வேண்டுமே. முக்கால்வாசி சரக்கு அதற்குள் நெல்லூர், விஜயவாடாப் பக்கம் போய்விட்டது. மெமரி கார்டை ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளில் இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். அது தன்னால் முடிந்ததைத் தோண்டி எடுத்தது, எழுபது சொச்சம் படம் கிடைத்தது. அதிலும் மேல் பாதி புடவையும், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறமுமாகப் பல படங்கள், ஏனென்றால் அந்த இடத்தில்தான் காதுகுத்துப் படங்கள் உட்கார்ந்திருந்தன. வாங்கின கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். கடையில் மிச்சம் இருந்த புடவைகளைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தேன். கேட்டலாக் பாதி கனத்தில் வந்தது. அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் அடுத்த வருஷம் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது.

ஏன் திரும்பக் கொண்டுவர முடியாது என்று ஒவ்வொரு தம்பியும் கேட்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன். 1992இல் சர்வதேசத் தரநிலையாக வந்த ஜேபெக் (.jpg என்று முடியும் ஃபைல்), படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறம் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை எண்களாக்கி, அந்த எண்களை வகுத்து, முழு எண்ணாகத் தள்ளிச் சேமிக்கிறது. குவாலிட்டியைக் குறைத்தால் பெரிய எண்ணால் வகுக்கும், அப்போது பொடி வேலைப்பாட்டுக்கான எண்கள் பூஜ்யமாகிவிடும். கடைக் கணக்கில் 47ஐயும் 52ஐயும் 50 என்று எழுதிவிட்டு பழைய நோட்டைக் கிழித்துப் போட்டால், எது 47, எது 52 என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜரிகைக் கட்டம் போனது அப்படித்தான்.

இரண்டாவது முறை சேவ் செய்யும்போது இன்னும் போகும். நீள அகலம் மாற்றாமல், அதே மென்பொருளில், அதே குவாலிட்டியில் சேவ் செய்தால் இழப்பு பெரும்பாலும் முதல் சில தடவையோடு அடங்கிவிடும். ஆனால் நாம் அப்படியா செய்கிறோம்? கொஞ்சம் க்ராப், கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் சாய்வு. மூன்று பிக்சல் தள்ளி க்ராப் செய்தாலே எட்டுக்கு எட்டு கட்டங்கள் எல்லாம் இடம் மாறி, பழைய கட்டத்தின் கறை மேல் புதுக் கட்டத்தின் கறை விழும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதுவும் தன் பங்குக்கு ஒரு தடவை சுருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், வியாபாரிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது அதைத்தான்.

இலவசக் கருவிகள் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கட்டளை தட்டி ஓட்டும் இமேஜ்மேஜிக்கில் இருக்கும் மோக்ரிஃபை கட்டளை சொல்லாமலே ஒரிஜினல் மேல் எழுதும். ஜேபெக்ஆப்டிமும் ஆப்டிபிஎன்ஜியும் அப்படியே, ஆனால் இவை இரண்டும் சும்மா ஓடவிட்டால் இழப்பில்லாமல்தான் சுருக்கும். ஜேபெக்ஆப்டிமுக்குக் குவாலிட்டி உச்சவரம்பு கொடுத்த நிமிஷத்திலிருந்துதான் இழப்பு. பிஎன்ஜிகுவான்ட் பெயர் மாற்றிப் புது ஃபைல் எழுதும், அந்த மட்டில் நல்ல பிள்ளை. எந்தக் கருவியை முதல்முறை திறந்தாலும், வேண்டாத ஒரு படத்தைப் போட்டு, பழையது இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கடையில் இப்போது ‘ஒரிஜினல்’, ‘அனுப்ப’ என்று இரண்டு ஃபோல்டர். முதலாவதைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறேன், எந்த மென்பொருளும் அதில் எழுத முடியாது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் ஏறி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யலாம். இதில் மட்டும் தம்பிகளுக்குச் சலுகை கிடையாது.

ஃபைல் பெயரின் வாலை (.jpg, .png) மாற்றினால் ஃபார்மேட் மாறிவிடும் என்று நினைப்பது

மாறாது.

ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் தெளிவு திரும்பும் என்று நம்புவது

திரும்பாது. கறையோடு சேர்த்து அப்படியே பத்திரப்படுத்தும், சைஸ்தான் பல மடங்கு ஏறும். பிஎன்ஜி லோகோ, ஸ்கிரீன்ஷாட், எழுத்து, கோடு இவற்றுக்கானது. புகைப்படத்துக்கு அல்ல.

சிவப்புப் புடவையை மறந்துவிடுவது

நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அந்த அளவுக்குப் பார்க்காது. அதை நம்பி, பெரும்பாலான கருவிகள் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்றாகச் சேமிக்கும். 4:2:0 என்று எழுதுவது அதைத்தான். கடற்கரைப் படத்துக்கோ காசிமேடு படகுப் படத்துக்கோ இது தெரியவே தெரியாது. அரக்குச் சிவப்பும் பச்சையும் சந்திக்கிற பார்டரில் தெரியும், சாயம் ஊறிப் பரவின மாதிரி. வாங்குகிறவர்கள் “சாயம் போகுமா?” என்று கேட்டிருக்கிறார்கள், புடவையில் ஒரு குறையும் இல்லை! கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் ஜேபெக்காக வெளியே எடுக்கும்போது மேம்பட்ட விருப்பங்களில் 4:4:4 என்று இருக்கும், அது நிறத்தையும் முழுசாக வைக்கும், துணிப் படங்களுக்கு அதை வையுங்கள். இழப்போடு சுருக்கும் வெப்பி ஃபார்மேட்டில் இந்த வசதியே இல்லை, அது எப்போதும் 4:2:0தான். ஏவிஐஎஃப் என்ற புது ஃபார்மேட்டில் உண்டு.

புது ஃபார்மேட் வந்ததும் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது

சிறிய ஃபைல் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் ஃபார்மேட் நிலைப்பது சுருக்கும் திறமையால் மட்டும் அல்ல. 1987இல் வந்த ஜிஃப் ஓஹோ என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அதில் இருந்த எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறைக்கு யுனிசிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கேட்டது, அதனால்தான் பிஎன்ஜி பிறந்தது. ஜேபெக் 2000 ஜேபெக்கைவிட நன்றாகச் சுருக்கும், வீட்டுக் கணினிகளில் எடுபடவில்லை, ஆனால் தியேட்டர்களுக்குப் போகும் டிஜிட்டல் சினிமா பிரதிகளில் அதுதான் இருக்கிறது. ஐபோன் 2017 முதல் எடுக்கும் ஹெச்இஐசிக்குப் பின்னால் ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையின் காப்புரிமைகள் நிற்கின்றன. கூகுள் 2010இல் வெப்பியைக் கொண்டுவந்தது. ஏவிஐஎஃப் 2019இல், காப்புரிமைக் கட்டணம் இல்லாமல் வந்தது.

இவற்றில் எனக்கு ஆசை ஜேபெக் எக்ஸ்எல் மேல்தான். பழைய ஜேபெக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக்கி, கேட்டால் ஒரு பைட் பிசகாமல் அதே ஜேபெக்கைத் திருப்பித் தரும். ஒரிஜினலை இழந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குரோம் தன்னிடம் சோதனையாக இருந்த ஆதரவை 2023 தொடக்கத்தில் எடுத்துவிட்டது, அதே வருஷம் சஃபாரி சேர்த்துக்கொண்டது. வியாபாரி கையில் எந்தப் போன், எந்த பிரவுசர் இருக்கும் என்று தெரியாமல் அவருக்கு அதை அனுப்ப முடியாது. புது ஃபார்மேட்டில் ஒரு பிரதி எடுத்து வெப்சைட்டில் போடுங்கள், தாராளமாக. பெட்டகத்தில் இருக்கும் ஒரே பிரதியாக அதை வைக்காதீர்கள்.

ஆதார் அட்டையை ஏதோ ஒரு ஆன்லைன் தளத்தில் ஏற்றிச் சுருக்குவது

செய்யவே செய்யாதீர்கள். தேடலில் முதலில் வந்த தளத்தில் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்க்வூஷ் என்ற தளம் பிரவுசருக்குள்ளேயே சுருக்கும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. சீசியம், எக்ஸ்என்கன்வர்ட் என்ற மென்பொருள்கள் இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம்.

எக்ஸிஃப் விவரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு துடைப்பது

எக்ஸிஃப் என்பது படத்தோடு சேர்ந்து ஃபைலுக்குள் பதிவாகும் குறிப்பு. எடுத்த இடமும் அதில் பதிவாகியிருக்கலாம், வீட்டில் எடுத்த படம் என்றால் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் ‘எல்லா விவரமும் நீக்கு’ என்று டிக் செய்தால் பல கருவிகள் நிற விவரத்தையும் (கலர் ப்ரொஃபைல்) சேர்த்து எடுத்துவிடும். ஐபோனிலிருந்து வருகிற அகன்ற நிறப் படங்கள் அதற்கப்புறம் வெளுத்துப்போய்த் தெரியும். நிற விவரத்தை வைத்துக்கொள் என்ற விருப்பம் தனியாக இருந்தால் அதை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் துடையுங்கள்.

குவாலிட்டி 80 என்றால் எல்லா மென்பொருளிலும் 80 என்று நினைப்பது

அது சதவீதம் இல்லை, ஒவ்வொரு மென்பொருளுக்கும் அது வேறு அளவுகோல். ஃபோட்டோஷாப்பில் ‘சேவ் ஆஸ்’ வழியாக ஜேபெக் எடுத்தால் 12 வரைதான் எண்ணே இருக்கும். நான் எண்ணைப் பார்ப்பதில்லை. படத்தை 100 சதவீத அளவில் திறந்து, முந்தி, பார்டர், மாடல் இருந்தால் அவர் கண்ணிமை, இந்த மூன்று இடத்தையும் ஒரிஜினலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதலில் கெடுவது பார்டர், அது தாங்கினால் மற்றது தாங்கும்.