தள்ளாட்டத்தோடு வருபவரின் ஸ்கேன் நார்மலாக இருந்தால்

நரம்பியல் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்களும் அங்கேதான் சறுக்கினோம். நிமிடங்களில் வந்த தள்ளாட்டம் என்றால் முதலில் பக்கவாதத்தை நினைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஏறும் தள்ளாட்டத்துக்கு வருவோம். உடலின் எதிர்ப்பாற்றலே, சமநிலையைக் காக்கும் சிறுமூளையைத் தாக்கும்போது இப்படி ஆகும்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்று அனுப்பிவிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. இடுப்பில் குடத்தோடு நடந்துகொண்டிருந்தவர், சில வாரங்களில் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் கன்னத்தில் இடித்தது, பேச்சு குழறியது. முதலில் பார்த்த இடத்தில் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று தலைச்சுற்றல் மாத்திரை கொடுத்து, "மனக்கவலைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அவரால் தனியாக நிற்க முடியவில்லை. ரத்தத்தில் யோ ஆன்டிபாடி (சில புற்றுகளோடு சேர்ந்து வரும் எதிர்ப்புப் புரதம்) இருந்தது. தேடிப் பார்த்தால் சினைப்பையில் புற்று.

கட்டியில் இருக்கும் புரதம் சிறுமூளையின் புர்கிஞ்சி செல்கள் என்ற பெரிய நரம்புச் செல்களிலும் இருப்பதால், கட்டியை எதிர்க்கக் கிளம்பும் உடல் அவற்றையும் சேர்த்து அழிக்கிறது. அழிந்தவை திரும்ப முளைக்காது. முதல் வாரங்களில் எம்.ஆர்.ஐ. நார்மலாக இருப்பது சகஜம். சிறுமூளை சுருங்கியது படத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே முதுகுத் தண்டு நீர், ஆன்டிபாடி, புற்றுத் தேடல் எல்லாவற்றையும் அந்த வாரமே தொடங்குங்கள். யோ, ஹு போன்ற, புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடிகள் இருந்து முதல் தேடலில் கட்டி அகப்படாவிட்டால், 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை 2 ஆண்டுகளுக்குத் தேட வேண்டும்.

படுக்கையிலேயே பரிசோதித்து முடிப்பது

சிறுமூளையின் நடுப்பகுதி மட்டும் பழுதானால், விரலால் மூக்கைச் சரியாகத் தொடுவார். எழுந்து நின்றால் சாய்வார். நடக்க வையுங்கள்.

ஐவிஐஜி ஏற்றியபின் ரத்தம் எடுப்பது

முதலில் ரத்தம், அப்புறம் மருந்து. ஐவிஐஜி என்பது தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள்; அவை கலந்து ரிப்போர்ட்டைக் குழப்பும்.

ஆன்டிபாடி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது

தொற்று, தயமின் (வைட்டமின் பி1) குறைவு, ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தின் மிகுதி இவை இல்லை என்றானால் எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.

முழங்காலைத் தட்டிப் பார்க்காதது

தள்ளாட்டத்தோடு கண்ணசைவும் நின்று, தட்டினால் கால் உதறாமலும் இருந்தால் அது 1956இல் மில்லர் ஃபிஷர் விவரித்த நோயாக இருக்கலாம். பெரும்பாலோர் சில மாதங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மூச்சுத் தசைகள் தளரும் என்பதால் வார்டிலேயே வைத்துப் பாருங்கள்.