ஆயில் லீக்கா? வீட்லயே கேஸ்கெட், ஆயில் சீல் மாத்தலாம், ஆனா மொதல்ல இத படிங்க

வண்டிக்கு கீழ கருப்பா சொட்டு விழுந்திருக்குன்னு பாத்த உடனே கேஸ்கெட் (ரெண்டு பாகம் சேர்ற இடத்துல கசியாம வைக்கற அடைப்பு) செட் ஆர்டர் போட்டுடாதீங்க. நான் போட்டேன். சம்ப் (எஞ்சின் அடில இருக்கற ஆயில் தொட்டி) கேஸ்கெட்தான்னு நானே முடிவு பண்ணி ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அடியில படுத்து மாத்தினேன், மறுவாரம் அதே இடத்துல அதே சொட்டு. கடைசில பாத்தா எஞ்சின் உச்சில மூடியா இருக்கற டேப்பெட் கவர்ல கசிஞ்சு, எஞ்சின் பிளாக் பின்பக்கமா இறங்கி வந்து சம்ப் ஓரத்துல தொங்கிட்டு இருந்திருக்கு.

அதனால எஞ்சின டிகிரீசர் போட்டு நல்லா கழுவி, காயவிட்டு, கொஞ்சம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சு பாருங்க. ஈரமா இருக்கறதுலயே எது ரொம்ப மேல இருக்கோ அதான் ஆளு. பிடிபடலைன்னா சந்தேகப்பட்ட இடத்துல டால்கம் பவுடர் தூவிட்டு ஓட்டி பாருங்க, ஆயில் வர்ற கோடு தெளிவா தெரியும்.

இன்னொன்னு, எஞ்சின் உள்ள சேர்ற கேஸ வெளிய விடற ப்ரீதர் குழாயும் பிசிவி வால்வும் அடைச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. பிஸ்டன் தாண்டி கீழ இறங்குற கேஸ் வெளிய போக வழியில்லைன்னா உள்ள பிரஷர் ஏறி ஆயில சீல் (சுத்துற ஷாஃப்ட்ட சுத்தி இருக்கற அடைப்பு வளையம்) வழியா தள்ளும், அப்ப நீங்க எத்தனை புது சீல் போட்டாலும் வேஸ்ட்.

வேலை ஆரம்பிக்கும்போது எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும், பேட்டரி நெகட்டிவ் கழட்டியிருக்கணும், அடியில போறதா இருந்தா ஜாக் ஸ்டாண்டு கண்டிப்பா வேணும். வெறும் ஜாக்க நம்பி யாரும் கீழ படுக்காதீங்க. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க, போல்ட்டு நீளம் மாறி மாறி இருக்கும், ஒரு அட்டைல கவர் படத்த வரைஞ்சு அந்தந்த இடத்துலயே குத்தி வச்சா குழப்பமே இல்ல.

கவர் ஒட்டிக்கிட்டு வரலைன்னா ஸ்க்ரூ டிரைவர நடுவுல விட்டு நெம்பாதீங்க, அலுமினியத்துல ஒரு கீறல் விழுந்தா அதுவே அடுத்த லீக். ரப்பர் சுத்தியல்ல ஓரமா தட்டினா வந்துரும்.

இப்பதான் உண்மையான வேலையே, சுத்தம் பண்றது. பழைய கேஸ்கெட் துண்டு, காஞ்சு போன சிலிக்கான் (டியூப்ல வர்ற அடைப்பு பசை) எல்லாம் பிளாஸ்டிக் ஸ்கிராப்பர் வச்சு பொறுமையா எடுக்கணும். சீக்கிரம் முடியட்டும்னு டிரில்ல உரசுற டிஸ்க் மாட்டி தேய்க்கறாங்க பாருங்க, அது வேணவே வேணாம், அந்த பொடி ஆயிலோட கலந்து போய் பேரிங்க தின்னுடும். தொறந்திருக்கற இடத்துல சுத்தமான துணிய அடைச்சிட்டு சுரண்டுங்க, முடிச்சதும் அத எடுக்க மறக்காதீங்க. கடைசியா பிரேக் கிளீனர் போட்டு துடைச்சு, விரல் வச்சு தடவி பாத்தா வழுவழுன்னு எண்ணெய் இல்லாம இருக்கணும்.

சிலிக்கான் பத்தி ஒரு வார்த்தை. ரப்பர் கேஸ்கெட்டுக்கு சுத்தி முழுக்க பூசத் தேவையில்ல, டைமிங் கவரும் (எஞ்சின் முன்பக்க மூடி) சிலிண்டர் ஹெட்டும் சேர்ற மூலைல, அரைவட்டமா வர்ற இடத்துல ஒரு சின்ன பொட்டு போதும். கேஸ்கெட்டே இல்லாம சிலிக்கான் மட்டும் போடற சம்ப்னா 2-3 மி.மீ. கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா. அதிகமா அப்பினா உள்ள பிதுங்கி, பிஞ்சு போய் ஆயில் ஸ்ட்ரெய்னர (ஆயில் வடிகட்டுற வலைய) அடைக்கும்.

டைட் பண்றதுல கைபலம் காட்டாதீங்க. டேப்பெட் கவர்ல வர்ற 6 மி.மீ. போல்ட்டுக்கு பெரும்பாலும் 8-10 நியூட்டன் மீட்டர்தான், உங்க வண்டி மேனுவல்ல இருக்கற அளவே இறுதி. எல்லாத்தையும் கையால மாட்டி, நடுவுல இருந்து வெளிப்பக்கமா ரெண்டு மூணு சுத்துல இறுக்குங்க. கார்க் கேஸ்கெட்ட ஓவரா இறுக்கினா நசுங்கி பிதுங்கிடும்.

ஆயில் சீலுக்கு வேற கதை. பழச எடுக்க, சீல்ல சின்ன ஓட்டை போட்டு ஒரு ஸ்க்ரூ முறுக்கி இடுக்கியால இழுங்க, ஷாஃப்ட்டுல கீறல் மட்டும் விழவே கூடாது. புதுசுல ஸ்பிரிங் தெரியற பக்கம் ஆயில் இருக்கற பக்கம் பாத்து போகணும். சாதா ரப்பர் லிப்புக்கு (ஷாஃப்ட்ட தொடற உள் விளிம்பு) கொஞ்சம் ஆயில் தடவுங்க, டெஃப்லான் லிப் வர்ற சீலுக்கு மட்டும் தடவக்கூடாது, காஞ்ச ஷாஃப்ட்டுல காஞ்ச சீலா மாட்டணும். சீலோட வெளிவிட்டம் இருக்கற சாக்கெட் இல்ல பிவிசி குழாய வச்சு, சாயாம மெதுவா தட்டி இறக்குங்க. ஷாஃப்ட்டுல பழைய லிப் தேச்ச பள்ளம் நகத்துல தட்டுப்பட்டா, இடம் இருந்தா சீல 1 மி.மீ. முன்ன பின்ன உக்கார வைங்க, இல்லைன்னா ரிப்பேர் ஸ்லீவ் (ஷாஃப்ட் மேல மாட்டற மெல்லிய உலோக உறை) போடணும்.

டைமிங் பெல்ட் வண்டினா கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் முன்சீல் எல்லாம் பெல்ட் மாத்தும்போதே சேத்து பண்ணிடுங்க, ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் போயிடும். பின் கிராங்க் சீலுக்கு கியர்பாக்ஸே இறங்கணும், அத கிளட்ச் வேலையோட வச்சுக்கோங்க. ஹெட் கேஸ்கெட்ட மொத வேலையா எடுக்காதீங்க, ஹெட் வளைவு பாக்கணும், பல எஞ்சின்ல ஹெட் போல்ட்டே புதுசு போடணும், அது தனியா எழுதுற அளவுக்கு பெருசு.

சிலிக்கான் போட்டிருந்தா டியூப்ல போட்டிருக்கற நேரம், நான் 24 மணி நேரம் விடுவேன், அதுக்கப்புறம்தான் ஆயில் ஊத்துறது. பத்து நிமிஷம் ஐடிலிங்ல ஓடவிட்டு டார்ச் அடிச்சு பாருங்க, ராத்திரி கீழ ஒரு வெள்ளை அட்டைய போட்டுட்டு போய் தூங்குங்க, மீதிய காலைல அட்டை சொல்லும்.