கம்ப்ரசர் பெடலின் இரைச்சல் போன விதம்

கிட்டாருக்குக் கம்ப்ரசர் பெடல் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும், காலால் இயக்கும் சிறு பெட்டி) வாங்கிய முதல் வாரம் எனக்குக் கேட்டதெல்லாம் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான். வாசிக்கும்போது தெரியாது, கையை எடுத்ததும் மெல்ல ஏறி வரும். பெடல் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியில் பார்த்தால் நான் அதை மாட்டிய இடம்தான் தப்பு. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கம்ப்ரசர் பலத்த ஒலியை அமுக்கும். குறைந்ததை ஈடுகட்ட மொத்தத்தையும் தூக்கிவிடும். தந்தி ஓய்ந்ததும் அமுக்கம் விலகும், டிஸ்டார்ஷன் ஏற்கெனவே பெருக்கி வைத்த இரைச்சலும் கூடவே மேலே வரும். போதாக்குறைக்கு டிஸ்டார்ஷனே ஒலியை நன்றாக அமுக்கிவிடும் என்பதால், அங்கே கம்ப்ரசருக்குப் பெரிய வேலையும் இல்லை. கிட்டாருக்கு அடுத்து, முதல் பெடலாக மாற்றினேன். இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது.

மிச்சம் ஒரு முனகல். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து 9 வோல்ட் கொடுத்திருந்தேன். கம்ப்ரசரை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் முனகலைக் காணோம்! அப்புறம் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி ஐசொலேட்டட் (ஒன்றோடொன்று மின்தொடர்பில்லாத) இணைப்புள்ள பவர் சப்ளைக்கு மாறினேன். (வோல்டேஜோடு, பிளக்கின் நடு முனை நெகட்டிவா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.)

சஸ்டெய்ன் குமிழை (அமுக்கத்தின் அளவு) முழுக்கத் திருகுவது என் பழைய ஆசை. இப்போது அது கடிகார முள் 10 மணி காட்டும் நிலையில் நிற்கிறது. அட்டாக்கை (அமுக்கம் தொடங்கும் வேகம்) கொஞ்சம் மெதுவாக்கியதும், பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) தந்தியில் படும் அந்த 'டக்' திரும்பக் கேட்கிறது. லெவல் (வெளிவரும் சத்தத்தின் அளவு)? பெடல் ஓடினாலும் அணைந்தாலும் ஒரே சத்தம் வரும்படி வைத்திருக்கிறேன். சத்தம் கூடினாலே 'நல்லா இருக்கே' என்று காது ஏமாந்துவிடுகிறது.